எழுதிய வினவல் எங்கெல்லாம் ஓடும்?

ஒரு தரவுத்தளத்துக்கென்று எழுதிய எஸ்க்யூஎல் வினவல் இன்னொன்றில் அப்படியே ஓடுமா? இந்தக் கேள்விக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் மாதிரியை ஒட்டி, ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட மொழி இது. ஆனால் அதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு சிறு நிறுவனம், ஐபிஎம்மின் கட்டுரைகளைப் படித்துவிட்டு 1979இல் தன் பொருளை விற்கத் தொடங்கியது. ஐபிஎம்மின் சொந்தப் பொருள்களான எஸ்க்யூஎல்/டிஎஸ் 1981இலும் டிபி2 1983இலும்தான் வந்தன. ஆக, மொழிக்குத் தரநிலை என்று ஒன்று எழுதப்படுவதற்கு முன்பே அதைப் பேசும் விதங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தன.

அன்று முதல் இந்தக் கேள்விக்குப் பல தரப்பினர் விடை சொல்லியிருக்கிறார்கள். தரநிலை எழுதினால் போதும் என்றது ஒரு தரப்பு. நடுவில் ஓர் அடுக்கு வைத்தால் போதும் என்றது இன்னொன்று. இடமாற்றமே வீண் ஆசை என்றது மூன்றாவது. வென்ற ஒரு தளத்தின் பேச்சுவழக்கைப் பின்பற்றிவிடலாம் என்கிறது நான்காவது. அண்மைக்காலமாக, இயந்திரமே மொழிபெயர்க்கட்டும் என்கிறார்கள். இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லாரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது தெரிகிறது. வினவலைப் புதிய தளம் ஏற்குமா என்பது ஒன்று. ஏற்றால் அதே விடை தருமா என்பது வேறு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போதும் அதே வேகத்தில், அதே ஒழுங்கில் நடந்துகொள்ளுமா என்பது இன்னும் வேறு. கடந்த நாற்பதாண்டு உழைப்பின் பெரும்பகுதி முதல் கேள்விக்கே போயிருக்கிறது. சேதம் பெரும்பாலும் மற்ற இரண்டிலிருந்தே வருகிறது.

தரநிலை என்ற வாக்குறுதி

அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சி 1986இல் முதல் எஸ்க்யூஎல் தரநிலையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஐஎஸ்ஓ அதை ஏற்றது. 1989, 1992, 1999, 2003 என்று பதிப்புகள் தொடர்ந்து 2023 வரை வந்திருக்கின்றன. 1992ஆம் ஆண்டுப் பதிப்பு தொடக்கநிலை, இடைநிலை, முழுநிலை என மூன்று படிகளை வகுத்தது. பெரிய நிறுவனங்கள் தொடக்கநிலையைத் தாண்ட அவசரப்படவில்லை.

அந்தக் காலத்தில் தரநிலைக்கு ஒரு பல் இருந்தது. அமெரிக்க அரசுத் துறைகளின் கொள்முதலுக்கு ஃபிப்ஸ் 127 என்ற விதி இருந்தது. தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், தரவுத்தளங்களைச் சோதித்துச் சான்று கொடுத்தது. 1990களின் பிற்பாதியில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, தரநிலைக்கு உட்படுகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது அந்த நிறுவனம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றுதான். 2023ஆம் ஆண்டுத் தரநிலையின் மையப் பகுதியில் கட்டாயமான அம்சங்கள் 177. தான் குறைந்தது 170ஐ நிறைவேற்றுவதாகப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் ஆவணம் சொல்கிறது. அந்த மையப் பகுதியை முழுமையாக நிறைவேற்றுவதாக எந்தத் தரவுத்தளமும் உரிமை கோரவில்லை என்றும் அதே ஆவணம் சேர்த்துச் சொல்கிறது. இப்படி நேர்மையாகக் கணக்குக் காட்டுபவர்கள் இத்துறையில் அதிகமில்லை.

தரநிலைக்குள்ளேயே ஓட்டைகளும் உண்டு. பல இடங்களில் அது முடிவைச் செயலாக்குபவரிடமே விட்டுவிடுகிறது. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸைப் பற்றித் தரநிலை ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனவே வேகம் அதன் ஆளுகைக்கு வெளியே நிற்கிறது. பெரும்பாலான நேரங்களில் நிறுவனங்கள் முதலில் ஒன்றைச் செய்துவிடுகின்றன, தரநிலை பின்னால் வந்து ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. கொடுத்த மதிப்புகளில் பெரியதைத் தரும் 'கிரேட்டஸ்ட்' செயல்கூற்றை 2023இல்தான் தரநிலை சேர்த்தது. உள்ளிடும் மதிப்புகளில் ஒன்று 'நல்', அதாவது மதிப்பற்றது என்றால் விடையும் 'நல்' என்பது தரநிலையின் தீர்ப்பு. ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான் நடக்கின்றன. போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் 'நல்'லை ஒதுக்கிவிட்டு மீதியில் பெரியதைத் தருகின்றன. பல ஆண்டுகளாக ஓடிவரும் நிரல்களை உடைக்க யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால், தாமதமாக வந்த இந்தத் தீர்ப்பு இரு தரப்பையும் இணைக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

பத்துப் பதிவுகள் கேட்டால்

சிறு வினவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கடைசியாக டெலிவரி ஆன பத்து ஆர்டர்களைக் காட்டு. டெலிவரி தேதியை இறங்குவரிசையில் அடுக்கி மேலிருந்து பத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் மூன்றிலும் கடைசியில் 'லிமிட் 10' என்று எழுதினால் முடிந்தது. எஸ்க்யூஎல் சர்வரில் 'செலக்ட்'டை அடுத்து 'டாப் 10' வரும். டிபி2வில் 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 10 ரோஸ் ஒன்லி'. பழைய ஆரக்கிளில் 'ரோநம்' என்ற போலிப் புலம் உண்டு. அதில் ஒரு பொறியும் உண்டு. அந்த எண், பதிவுகள் வரிசைப்படுவதற்கு முன்பே ஒட்டப்பட்டுவிடுகிறது. 'ரோநம் பத்துக்குள்' என்ற நிபந்தனையையும் வரிசைப்படுத்தலையும் ஒரே அடுக்கில் எழுதினால், கைக்குக் கிடைத்த ஏதோ பத்துப் பதிவுகளை எடுத்து, அந்தப் பத்தை மட்டும் அழகாக அடுக்கிக் கொடுக்கும். பிழைச் செய்தி வராது. உள்ளே ஒரு துணைவினவல் வைத்து முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு எண்ண வேண்டும்.

தரநிலை 2008இல் டிபி2வின் வடிவத்தை ஏற்றது. போஸ்ட்கிரஸ் 2009இலும், எஸ்க்யூஎல் சர்வர் 2012இல் 'ஆஃப்செட்' சேர்ந்த வடிவிலும், ஆரக்கிள் 12சி 2013இலும் அதற்கு வழிவிட்டன. மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூலைட்டும் 'லிமிட்'டோடு நின்றுவிட்டன. உலகில் மிக அதிகமாக நிறுவப்பட்ட தரவுத்தளங்களுள் இவை இரண்டும் அடங்கும்.

இலக்கணம் ஒத்துப்போனாலும் விடை ஒத்துப்போக வேண்டியதில்லை. இன்னும் டெலிவரி ஆகாத ஆர்டர்களுக்கு அந்தத் தேதி 'நல்' ஆக இருக்கும். போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் 'நல்'லை எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கொள்கின்றன. இறங்குவரிசையில் அது தலைமேல் வந்து உட்காரும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றுக்கும் அது மிகச் சிறியது, அடியில் போய்விடும். எனவே மைஎஸ்க்யூஎல்லில் டெலிவரி ஆன பத்து ஆர்டர்களைக் காட்டிய வினவல், போஸ்ட்கிரஸுக்குப் போனதும் டெலிவரியே ஆகாத பத்தைக் காட்டக்கூடும். 'நல்'கள் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் வசதியைத் தரநிலை 2003இல் விருப்ப அம்சமாகச் சேர்த்தது; மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அது இல்லை. தேதி 'நல்' அல்லாத பதிவுகள் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும். வினவலை முதலில் எழுதியவர் தன் மனதில் இருந்ததை முழுதாக எழுதாமல் தளத்தின் பழக்கத்தை நம்பியதுதான் இங்கே கோளாறு. இடமாற்றக் கோளாறுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவையே என்று தோன்றுகிறது.

சத்தமில்லாத வேறுபாடுகள்

5ஐ 2ஆல் வகுத்தால் போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் ஆகியவை 2 என்கின்றன. மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் 2.5 என்கின்றன. இரு சரங்களை ஒட்டத் தரநிலை தரும் || குறி, மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு அமைப்பில் 'அல்லது' என்று பொருள்படும். இரண்டு பெயர்களை ஒட்டப் போனவருக்கு ஓர் எண் கிடைக்கும். ஆரக்கிளுக்கு வெறுமையான சரமும் 'நல்'லும் ஒன்றே. எனவே நடுப்பெயர் இல்லாதவர், நடுப்பெயர் தெரியாதவர் என்ற வேறுபாட்டை வேறு தளத்திலிருந்து ஆரக்கிளுக்குக் கொண்டுபோனால் அது வழியிலேயே அழிந்துவிடும். தனித்துவக் கட்டுப்பாடு உள்ள புலத்தில் எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு 'நல்'லைத்தான் விடும். மற்றவை பொதுவாக எத்தனையையும் விடும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டிய இடம் சரங்களின் நீளம். 'முருகன்' என்ற பெயர் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு குறியெண்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 21 பைட். 'லெங்த்' செயல்கூற்றைக் கேட்டால் போஸ்ட்கிரஸ் 7 என்கிறது, மைஎஸ்க்யூஎல் 21 என்கிறது. 20 நீளம் என்று அறிவித்த வார்கார் புலம் போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் இந்தப் பெயரைத் தாராளமாக ஏற்கும். யூடிஎஃப்-8 அமைப்பில் உள்ள ஆரக்கிளோ இயல்பாகப் பைட்டில் அளக்கிறது. ஒரு பைட் அதிகம் என்று திருப்பி அனுப்பும். எஸ்க்யூஎல் சர்வரில் சரத்துக்கு முன் யூனிகோடு என்று குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டால், வழக்கமான அமைப்பில் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்துவிட்டு இடம் மாற்றியவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடச் சோதனைக் கட்டத்தில் தென்பட்டிருக்காது.

அகரவரிசையிலும் இதே கதை. எஸ்க்யூலைட் இயல்பாகப் பைட் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கும், 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போகும். தமிழ் அகராதி வரிசை வேண்டுமென்றால் ஐசியு போன்ற நூலகத்தின் துணை வேண்டும்; போஸ்ட்கிரஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அதைத் தருகிறது. இயங்குதளத்தின் வரிசைமுறையை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2018இல் லினக்ஸின் ஜிலிப்சி 2.28 தன் வரிசைமுறையை மாற்றியபோது, தரவுத்தள மென்பொருள் மாறாமலேயே பழைய இன்டெக்ஸ்கள் சில தவறாகிப்போயின. வினவலும் தரவுத்தளமும் அப்படியே இருக்க, அடியிலிருந்த தரை மட்டும் நகர்ந்தது.

நடுவில் ஓர் அடுக்கு

தரநிலை தாமதிக்கும் என்று உணர்ந்தவர்கள் இணைப்பு அடுக்கில் தீர்வு தேடினார்கள். 1989இல் நிறுவனங்கள் சேர்ந்து எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப்பை அமைத்தன. அதன் வேலையை ஒட்டி மைக்ரோசாஃப்ட் 1992இல் ஓடிபிசியையும், சன் 1997இல் ஜாவாவுக்கு ஜேடிபிசியையும் கொண்டுவந்தன. இவை இணைப்பது, அனுப்புவது, முடிவைப் பெறுவது ஆகியவற்றை ஒன்றாக்கின. வினவலின் உள்ளே இருப்பதில் ஓரளவுக்குத்தான் கைவைத்தன: தேதி, சில செயல்கூறுகள், வெளி இணைப்பு போன்றவற்றை நெளிவு அடைப்புக்குள் எழுதினால் இயக்கி அந்தந்தத் தளத்தின் வடிவுக்கு மாற்றும். நல்ல ஏற்பாடுதான், பயன்படுத்தியவர்கள் குறைவு. பெர்ல் மொழியின் டிபிஐ இன்னும் வெளிப்படையாக இருந்தது: வினவலின் உள்ளடக்கத்தில் தலையிடாமல் அப்படியே அனுப்பிவிடும். அழைக்கும் முறைதான் பொதுவானதே தவிர, மொழி பொதுவானதல்ல என்று அது ஒப்புக்கொண்டது.

அடுத்த அலை, பொருள்களையும் அட்டவணைகளையும் இணைக்கும் நூலகங்கள். 2001இல் ஹைபர்னேட், 2004இல் ரெயில்ஸோடு ஆக்டிவ் ரெக்கார்ட், 2006இல் எஸ்க்யூஎல்ஆல்கெமி. இவற்றில் 'டயலெக்ட்' என்று ஒரு பகுதி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எஸ்க்யூஎல்லை எழுதித் தருகிறது. பதிவைச் சேர், திருத்து, சாவியை வைத்துத் தேடு என்ற அன்றாட வேலைகளுக்கு இவை உண்மையிலேயே பலன் தந்தன. பத்துப் பதிவுச் சிக்கலின் இலக்கணப் பாதி இங்கே தீர்ந்துவிட்டது. அறிக்கை வினவல்களுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. எல்லாத் தளங்களுக்கும் பொதுவானதை மட்டும் எழுத வேண்டும், அல்லது நூலகத்தைத் தாண்டிச் சொந்த எஸ்க்யூஎல் எழுத வேண்டும். இரண்டாவதைச் செய்த கணமே இடமாற்றம் போய்விடுகிறது. டெட் நீவார்ட் 2006இல் இந்த இணைப்பு முயற்சி முழுவதையும் வியட்நாம் போரோடு ஒப்பிட்டது புகழ்பெற்ற குற்றச்சாட்டு. அது மிகை என்றே படுகிறது. நூலகங்கள் பிழைத்து, பக்குவப்பட்டுவிட்டன. ஆனால் 'நல்' வரிசையையும் எழுத்து நீளத்தையும் அவை முழுதாகத் தீர்த்துவிடவில்லை.

இடமாற்றம் எதற்கு என்பவர்கள்

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானதுதான். ஆரக்கிளில் பணியாற்றிய டாம் கைட், தரவுத்தளத்தை உள்ளே என்ன இருக்கிறது என்று பாராத பெட்டியாக நடத்தக் கூடாது என்று 2000களின் தொடக்கத்திலிருந்து எழுதிவந்தார். பணம் கொடுத்து வாங்கிய வசதிகளை, என்றோ நடக்கலாம் என்ற ஓர் இடமாற்றத்துக்காக விலக்கி வைப்பது அவர் கண்ணில் வீண். ஆரக்கிள்காரர் ஆரக்கிளோடு இருக்கச் சொல்வதில் வியாபார நலன் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பலர் எழுதும்போது என்ன நடக்கும் என்பதில் தளங்கள் வேறுபடுகின்றன, அதை அறியாமல் எழுதிய நிரல் ஆபத்தானது என்ற அவர் வாதத்தை ஒதுக்க முடியாது.

அதற்கான ஆதாரம் ஆய்வுலகிலிருந்தே வந்தது. 1995இல் ஜிம் கிரே, ஃபில் பெர்ன்ஸ்டீன் உள்ளிட்டோர் எழுதிய ஆய்வுக்கட்டுரை, ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கலாம் என்று தரநிலை வகுத்த தனிமை நிலைகள் தெளிவற்றவை என்று காட்டியது. தரநிலையின் பதிப்பாசிரியர் ஜிம் மெல்டனும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் ஒரு மருத்துவராவது இருந்தாக வேண்டும் என்று விதி. இருக்கும் இருவரும் ஒரே கணத்தில் விடுப்பு கேட்கிறார்கள். இருவருடைய பரிவர்த்தனையும் 'இன்னொருவர் இருக்கிறார்' என்று பார்த்துவிட்டுத் தன் பெயரை நீக்குகிறது. 'சீரியலைசபிள்' என்ற அதே உச்சநிலையைக் கேட்டிருந்தாலும் ஆரக்கிள் இரண்டையும் அனுமதித்துவிடும். போஸ்ட்கிரஸ் 2011இல் வந்த 9.1 முதல் ஒன்றைத் தடுத்துவிடும். எஸ்க்யூஎல் சர்வர் பூட்டுப் போட்டுத் தடுக்கும். மூன்றிலும் வினவல் ஒன்றே, கேட்ட நிலையின் பெயரும் ஒன்றே. எந்த இலக்கண மாற்றியும் இதைப் பார்க்காது.

வென்ற வழக்கே தரநிலையா?

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விடை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. புதிய தரவுத்தளம் எழுதுபவர்கள் தரநிலையைப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே பரவிய ஒரு வழக்கைப் பார்க்கிறார்கள். காக்ரோச்டிபியும் யூகாபைட்டும் போஸ்ட்கிரஸைப் போலப் பேசுகின்றன. டைடிபி மைஎஸ்க்யூஎல்லைப் போல. மரியாடிபி 2018இல் ஆரக்கிள் பாணி ஒன்றைச் சேர்த்தது. அமேசான் 2021இல் திறமூலமாக வெளியிட்ட பேபல்ஃபிஷ், போஸ்ட்கிரஸை எஸ்க்யூஎல் சர்வரைப் போலப் பேசவைக்கிறது.

நடைமுறையில் இதுவே இதுவரை அதிகம் பலித்த வழி என்று சொல்லலாம். தரநிலை பேசாத இயக்கிகள், கருவிகள், பிழை எண்கள் வரை இதில் ஒத்துப்போக வாய்ப்பிருக்கிறது. குறையும் தெளிவானது: பின்பற்றப்படும் தளம் ஒவ்வோர் ஆண்டும் நகர்கிறது, பின்பற்றுபவர் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடத்தையும் முழுதாக ஒட்டுவதில்லை. காக்ரோச்டிபியின் இயல்புநிலை 'சீரியலைசபிள்'. போஸ்ட்கிரஸின் இயல்புநிலை அதைவிடத் தளர்வான 'ரீட் கமிட்டட்'. போஸ்ட்கிரஸுக்கென்று எழுதிய நிரல் அங்கே போனால், மறுபடி முயன்று பார் என்ற பிழைகளைச் சந்திக்கலாம். அதைக் கையாளும் பகுதி பழைய நிரலில் இருக்க வாய்ப்பில்லை.

மொழிபெயர்ப்பும் சோதனையும்

எஸ்க்யூஎல்குளோப், அப்பாச்சி கால்சைட் போன்ற கருவிகள் ஒரு வழக்கில் எழுதியதைப் பகுத்து மரமாக்கி, இன்னொரு வழக்கில் திரும்ப எழுதுகின்றன. பெரிய மொழி மாதிரிகளும் இதே வேலைக்கு வந்துவிட்டன. 'லிமிட்'டை 'டாப்' ஆக்குவது இவற்றுக்குச் சிரமமில்லை. மொழிபெயர்த்தது மூலத்துக்குச் சமம்தானா என்பதைத் தீர்மானிப்பதே சிரமம். இரு வினவல்கள் சமமா என்று எல்லா வினவல்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் பொதுவழி இருக்க முடியாது என்பது கோட்பாட்டளவில் நிறுவப்பட்ட முடிவு.

ஆகவே மிஞ்சுவது சோதனை. எஸ்க்யூலைட் குழு எஸ்க்யூஎல் லாஜிக் டெஸ்ட் என்ற தொகுப்பில் 72 லட்சம் வினவல்களை வைத்து, தன் விடைகளைப் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகியவற்றின் விடைகளோடு ஒப்பிடுகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பாவ்லோ குவாலியார்டோவும் லியோனித் லிப்கினும் எஸ்க்யூஎல்லின் அடிப்படைப் பகுதிக்கு முறையான பொருள்வரையறை ஒன்றை எழுதி, தாமாக உருவாக்கிய வினவல்களைப் போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் ஓட்டி அதைச் சரிபார்த்தார்கள். அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே இரண்டு தளங்களுக்கும் வரையறையைச் சற்றே தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. தரநிலையின் உரைநடையைவிட இந்த வழி நம்பகமானது என்பது என் கணிப்பு. ஆனால் இது தொட்ட பகுதி இன்னும் சிறியது. எழுத்து வரிசை, தேதிக் கணக்கு, பரிவர்த்தனை ஆகியவை இதற்கு வெளியே நிற்கின்றன.

தீராதவை

இலக்கணப் பொருத்தம் பெரும்பாலும் தீர்ந்த பிரச்சினை, அல்லது கருவிகளால் தீரக்கூடியது. விடைப் பொருத்தத்தில், 'நல்', வகுத்தல் போன்றவற்றை வினவலிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால் கணிசமான தூரம் போகலாம். எழுத்து வரிசையில் அப்படிச் செய்ய எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வழி இன்னும் இல்லை. தனிமை நிலைகளைப் பொறுத்தவரை, ஒரு தளத்தின் வாக்குறுதியை இன்னொன்றின் வாக்குறுதியோடு ஒப்பிட்டுச் சான்று தரும் பொது அமைப்பு, நிஸ்ட் விலகிய பிறகு அரசுத் தரப்பில் உருவாகவில்லை. வேகத்தைப் பற்றி யாரும் வாக்குக் கொடுப்பதே இல்லை. போஸ்ட்கிரஸ் 2019இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முன்பு வரை, 'வித்' என்று தொடங்கும் துணைவினவலைத் தனியே கணக்கிட்டு முடித்த பிறகே மேலே போகும். அந்தப் பதிப்பு முதல் பல நேரங்களில் மூலவினவலோடு கலந்துவிடுகிறது. ஒரே தளத்தின் இரு பதிப்புகளுக்கு இடையிலேயே இப்படி என்றால், இரு தளங்களுக்கு இடையில் வேகத்தை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது, அதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்ற கேள்விகளுக்கு இதுவரை வந்த எந்தத் தரப்பிடமும் விடை இல்லை.